கேபிள்காரரிடம் இருக்கும் இன்னொரு சாவி

கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டு மாடியிலேயே வரிக் கணக்கு அலுவலகம் நடத்துகிறார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு உதவியாளர். ஐம்பது அறுபது கடைக்காரர்களின் ஜி.எஸ்.டி, வருமான வரிக் கணக்குகள் அவரிடம் இருக்கின்றன. கீழே வீடு, வாசலைச் சுற்றி நான்கு கேமராக்கள். எல்லாவற்றுக்கும் உள்ளூர் கேபிள்காரர் கொடுத்த ஒரே ஃபைபர் இணைப்பு, அவரே இலவசமாக மாட்டிவிட்டுப் போன ஒரே வெள்ளைப் பெட்டி. கடிதத்தின் சாரம் இது:

"போன மாதம் வைஃபை பாஸ்வேர்ட் மறந்துபோய்க் கேபிள்காரருக்குப் போன் செய்தேன். ஆள் அனுப்புவார் என்று நினைத்தேன். 'ஒரு நிமிஷம் லைன்ல இருங்கக்கா' என்றவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே புதுப் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்துவிட்டார். அப்போது வேலை முடிந்ததே என்று இருந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் திக்கென்றது. அங்கிருந்தே மாற்ற முடிகிறதென்றால் அங்கிருந்தே எல்லாவற்றையும் பார்க்கவும் முடியும்தானே? கட்சிக்காரர்களின் கணக்கெல்லாம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் அக்கா மகனிடம் கேட்டேன். 'சித்தி, அது சைனா பெட்டி. உள்ளே பேக்டோர் வைத்திருப்பான். தூக்கிப் போட்டுவிட்டு நல்ல அமெரிக்க பிராண்டாக வாங்குங்கள்' என்கிறான். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகும் அந்தப் பெட்டியின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. அது யாருக்கு என்ன அனுப்புகிறது? நான் என்ன செய்ய வேண்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கை முதலில் முடித்துவிடுவோம். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் கேமரா ரெக்கார்டர் 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று அதன் கம்பெனி சர்வரிடம் இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அப்படிச் சொல்வதால்தான் நீங்கள் வெளியூரிலிருந்து போனில் வாசலைப் பார்க்க முடிகிறது. சார்ஜில் போட்ட போன்கள் ஊர் அடங்கிய பிறகுதான் போட்டோக்களை பேக்கப் எடுக்கும். அணைக்காமல் விட்ட கம்ப்யூட்டரில் விண்டோஸ் அப்டேட் இறங்கும். உண்மையிலேயே திருடுகிறவன் இதற்காக நடுராத்திரி வரை காத்திருக்க மாட்டான். பகலில் நீங்கள் வீடியோ பார்க்கும்போது அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக அனுப்பிவிடுவான்.

இனி கேபிள்காரர். அவர் செய்தது மந்திரமும் இல்லை, திருட்டும் இல்லை. இணைய நிறுவனங்கள் வாடிக்கையாளர் வீட்டுப் பெட்டியைத் தூரத்திலிருந்து பராமரிப்பதற்கென்றே ஒரு முறை 2004இல் வகுக்கப்பட்டது. அதன் பெயர் டி.ஆர்-069. உங்கள் வீட்டுப் பெட்டி அவ்வப்போது நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு 'எனக்கு ஏதாவது உத்தரவு உண்டா?' என்று கேட்கும். வைஃபை பெயரை மாற்று, பாஸ்வேர்டை மாற்று, பெட்டியை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக இறக்கு, அணைந்து எழு என்று சர்வர் சொன்னால் அப்படியே செய்யும். எந்தெந்தக் கருவிகள் தன்னோடு சேர்ந்திருக்கின்றன என்று கேட்டால் பட்டியலும் கொடுக்கும். ஃபைபரில் இது போதாதென்று இன்னொரு வழியும் உண்டு. கேபிள்காரரின் அலுவலகத்தில் ஓ.எல்.டி என்ற தாய்ப்பெட்டி இருக்கும். அது ஃபைபர் வழியாகவே உங்கள் வீட்டுப் பெட்டிக்கு உத்தரவு போடும். போதாக்குறைக்குப் பல பெட்டிகளில் இரண்டு லாகின்கள் உண்டு. ஒன்று உங்களுக்குச் சொல்லப்படும் சாதாரண லாகின். மற்றது அதைவிட அதிகாரம் கூடியது, நிறுவனத்துக்கானது. அந்த இரண்டாவது சாவி பற்றி உங்களிடம் யாரும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் இல்லாமல் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு நெட் கொடுக்க முடியாது. நானும் அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவன்தான், அதனால் சொல்கிறேன். பாஸ்வேர்ட் மறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் லைன்மேனை அனுப்பினால் சந்தாப் பணம் பெட்ரோலுக்கே போய்விடும். ஆனால் அந்தச் சாவியை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நான் ஆரம்பத்தில் வேலை பார்த்த ஒரு சின்ன நிறுவனத்தில் எல்லாப் பெட்டிக்கும் பராமரிப்பு பாஸ்வேர்ட் ஒன்றே ஒன்றுதான். ஊர்ப் பெயரும் அந்த ஆண்டும், அவ்வளவுதான். லைன்மேன்கள் மறக்கக் கூடாதென்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம். இரண்டு மூன்று பேர் வேலையை விட்டுப் போனார்கள். ஒருவர் எதிர்க் கம்பெனியிலேயே சேர்ந்தார். பாஸ்வேர்ட் மட்டும் மாறவே இல்லை. மாற்றினால் எல்லாப் பெட்டியிலும் மாற்ற வேண்டும், அந்த நேரம் பாதிப் பெட்டிகள் அணைந்திருக்கும், மறுநாள் புகார் மேல் புகார் வரும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டோம். நான் வேலையை விட்ட பிறகும் அதே பாஸ்வேர்டுதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

இப்படிப் பராமரிப்புக்காகத் திறந்து வைத்த வாசலில் வேறு ஆட்கள் நுழைந்த கதைகள் நிறைய உண்டு. 2014 டிசம்பரில் செக் பாயின்ட் நிறுவனத்து ஆய்வாளர்கள், பல நிறுவனங்களின் ரவுட்டர்களில், அதாவது உங்களுடையதைப் போன்ற வீட்டுப் பெட்டிகளில், இருந்த ரோம்பேஜர் என்ற சின்ன மென்பொருளில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். உலகம் முழுக்க 1.2 கோடிப் பெட்டிகளில் அந்த ஓட்டை திறந்து கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், ரோம்பேஜரை எழுதியவர்கள் அதை 2005இலேயே அடைத்துவிட்டார்கள். அடைத்த பதிப்பு ஒன்பது வருஷமாக வீடுகளுக்கு வந்து சேரவில்லை. சிப் செய்கிறவர், பெட்டி செய்கிறவர், அதில் பெயர் ஒட்டி விற்கிறவர், உங்களுக்கு மாட்டுகிறவர் என்று நாலு கை மாறி வரும் பொருள் இது. யாருக்கும் அது தன் வேலையாகத் தெரியவில்லை. 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு நெட் போனதும் இந்தப் பராமரிப்பு வாசலைத் தட்டியதால்தான். நம் ஊரிலும் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல் மோடம்கள் ஆயிரக்கணக்கில் ஒரு வைரஸால் முடங்கின. அங்கே ஓட்டைகூட வேண்டியிருக்கவில்லை. கம்பெனி வைத்த 'அட்மின், அட்மின்' பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்ததே போதுமாக இருந்தது.

சரி, கேபிள்காரர் என்ன பார்க்க முடியும்? நேராகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் எத்தனை கருவிகள், அவற்றின் பெயர் என்ன, எப்போது நெட் ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது என்பதெல்லாம் தெரியும். எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதும் பெரும்பாலும் தெரியும். நீங்கள் வருமான வரித் தளத்தில் அரைமணி நேரம் இருந்தீர்கள் என்று தெரியும். உள்ளே யாருடைய கணக்கைத் திறந்தீர்கள், என்ன பாஸ்வேர்ட் அடித்தீர்கள், என்ன எண் போட்டீர்கள் என்பது தெரியாது. பூட்டுப் படத்தோடு, எச்.டி.டி.பி.எஸ் என்று தொடங்கும் தளங்களில் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அந்தத் தளம் வரை எல்லாம் முத்திரை வைத்த உறையில்தான் போகிறது. நடுவில் இருக்கும் பெட்டி தபால்காரர் மாதிரி. விலாசத்தைப் படிக்கலாம், உறையைப் பிரிக்க முடியாது. ஜி.எஸ்.டி தளம், வங்கிகள், ஜிமெயில், வாட்ஸாப் எல்லாமே இந்த வகை.

இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. தபால்காரர் உறையைப் பிரிக்க முடியாவிட்டாலும் தப்பான வீட்டில் கொண்டுபோய்ப் போடலாம். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைச் சொல்லும் டி.என்.எஸ் என்ற விலாசப் புத்தகம் உண்டு. எந்தப் புத்தகத்தைப் பார்ப்பது என்று உங்கள் கருவிகளுக்குச் சொல்வது இந்தப் பெட்டிதான். 2011இல் பிரேசிலில் 45 லட்சம் மோடம்களில் புகுந்து அந்தப் புத்தகத்தையே மாற்றி, வங்கித் தளம் என்று அடித்தவர்களைப் போலித் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்படி நடந்தால் பிரவுசர் பெரும்பாலும் 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று சிவப்பாகக் கத்தும். அவசரத்தில், அதுவும் ரிட்டர்ன் தாக்கல் கடைசி நாளில், 'பரவாயில்லை, மேலே போ' என்று அழுத்தாதீர்கள். உங்கள் உதவியாளரிடமும் இதை அழுத்திச் சொல்லிவையுங்கள்.

உங்கள் அலுவலகத்தில் எனக்குப் பயம் தரும் இடம் வேறு. நீங்கள் எழுதவில்லை, ஆனால் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கும் வரி அலுவலகம் என்றதுமே ஊகிக்கிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டரை ஒரு கம்ப்யூட்டரில் வைத்து, மற்றதிலிருந்து திறப்பதற்காக 'எவ்ரிஒன்', அதாவது யார் வேண்டுமானாலும் திறக்கலாம், என்று ஷேர் போட்டிருப்பீர்கள். பாஸ்வேர்ட் கேட்கும் வசதியை, தொல்லை என்று கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவரே அணைத்துவிட்டிருப்பார். வெளியே போகும் தகவலுக்குத்தான் முத்திரை உறை. வீட்டுக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் திறந்த தாளாகவே போகிறது. அந்த வெள்ளைப் பெட்டிக்குள் நுழைந்தவர் உங்கள் வீட்டு வாசலில் நிற்கவில்லை, கூடத்தில் நிற்கிறார். அந்த ஃபோல்டர் அவருக்கும் திறக்கும். ஐம்பது கடைக்காரர்களின் கணக்குக்கு இதுதான் உண்மையான ஆபத்து. நுழைந்தவர் கேபிள்காரரா, அவரிடம் வேலை பார்த்துவிட்டுப் போன பையனா, உங்கள் வைஃபை தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரா என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி. வைஃபை பாஸ்வேர்டாக வாடிக்கையாளரின் செல்போன் எண்ணையே வைத்துவிட்டுப் போவது நம் ஊர் லைன்மேன்களின் பழக்கம். உங்கள் எண்ணோ விசிட்டிங் கார்டில் இருக்கிறது.

இனி அக்கா மகன் சொன்னது. பேக்டோர் என்று அவர் சொல்வதைத் தமிழில் கொல்லைப்புறக் கதவு என்று வைத்துக்கொள்வோம். அது கற்பனை இல்லை. ஆனால் அவர் நினைக்கிற மாதிரி எப்போதும் உளவுத்துறை வைப்பதும் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. 2013 கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பத்தாரிடம் போயிருந்தார் எலுவா வாண்டர்பேக்கன் என்ற பிரெஞ்சுக்காரர். பாதுகாப்பு ஆய்வுதான் அவர் தொழில். வீட்டில் எல்லோரும் நெட்டை இழுத்ததில் வேகம் குறைந்தது. மற்றவர்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்றால் அந்த லிங்க்ஸிஸ் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் அவருக்கே மறந்துவிட்டது. நம் வீட்டில் நடப்பதுதான். பெட்டியைத் துழாவியபோது 32764 என்ற போர்ட் எண்ணில், அதாவது பெட்டியின் வாசல் எண் ஒன்றில், எதுவோ பதில் சொன்னது. கையேட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தால், அந்த வாசலில் போய்க் கேட்டவருக்கு பாஸ்வேர்ட் எதுவும் கேட்காமல் மொத்த அமைப்பையும், அட்மின் பாஸ்வேர்ட் உட்பட, எடுத்துக் கொடுக்கும் நிரல் இருந்தது. விஷயத்தை 2014 தொடக்கத்தில் வெளியிட்டார். மற்றவர்களும் தங்கள் பெட்டிகளைச் சோதித்தார்கள். சிஸ்கோ, நெட்கியர், லிங்க்ஸிஸ் என்று வெவ்வேறு பெயர் ஒட்டிய பெட்டிகளில் இதே வாசல் இருந்தது. பெயர்தான் வெவ்வேறு, பலவற்றைச் செய்து கொடுத்தது தைவானின் செர்காம் என்ற ஒரே நிறுவனம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரஸ்யம். திருத்திய ஃபர்ம்வேர் வந்தது. ஏப்ரலில் வாண்டர்பேக்கன் ஒரு நெட்கியர் பெட்டியின் அந்தத் திருத்தத்தையும் பிரித்துப் பார்த்தார். கதவு அடைக்கப்படவில்லை, மேலே திரை போடப்பட்டிருந்தது. உள் நெட்வொர்க்கிலிருந்தோ நிறுவனத்தின் பக்கத்திலிருந்தோ ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு பாக்கெட்டை, அதாவது ஒரு சின்னத் தகவல் துண்டை, அனுப்பினால் பழைய வாசல் மறுபடி திறந்தது. ஓட்டை தெரியாமல் விடுபட்டது என்று முதல் தடவை சொல்லலாம். இரண்டாவது தடவைக்கு என்ன சொல்வது?

அதே 2013 அக்டோபரில் டி-லிங்க் ரவுட்டர் ஒன்றைப் பிரித்த கிரெய்க் ஹெஃப்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டது இன்னும் வேடிக்கை. பிரவுசர் தன் பெயரைச் சொல்லும் இடத்தில் ஒரு விசித்திரமான எழுத்துக் கோவையைச் சொன்னால் ரவுட்டர் பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விட்டது. அந்தக் கோவையின் கடைசிப் பகுதியைத் திருப்பிப் படித்தால் ஆங்கிலத்தில் 'எடிட் பை 04882 ஜோயல் பேக்டோர்' என்று வந்தது. செய்தவரே கதவில் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்! பெட்டிக்குள் இருக்கும் ஒரு நிரல் சில அமைப்புகளைத் தானாக மாற்ற வேண்டியிருந்தது, பாஸ்வேர்ட் இடைஞ்சலாக இருந்தது, குறுக்கு வழி வைத்துவிட்டார்கள் என்பதுதான் ஹெஃப்னரின் ஊகம். எனக்கும் அது சரியாகவே படுகிறது. சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டிய கூட்டத்தில் நானும் ஒருவன் அல்லவா?

உளவுக்காகவே வைத்த கதவுகளும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 2015 டிசம்பரில் ஜூனிப்பர் என்ற பெரிய அமெரிக்க நிறுவனம், நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் தன் ஃபயர்வால் பெட்டிகளின் நிரலில் யாரோ அனுமதியில்லாமல் வரிகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்று தானே அறிவித்தது. ஒன்று, எந்தப் பெட்டியையும் திறக்கும் பொதுப் பாஸ்வேர்ட். அதைப் பார்த்தால் பாஸ்வேர்ட் மாதிரியே இருக்காது, நிரலர்கள் சோதனைக்கு எழுதும் சாதாரண வரி மாதிரி இருக்கும். மற்றது மறைகுறியாக்கத்தில் செய்த மாற்றம். ஃபயர்வால் வழியாகப் போகும் ரகசியப் போக்குவரத்தைப் பிரித்துப் படிக்க அது வழி செய்தது. ஜூனிப்பர் பயன்படுத்திய அந்தக் கணித முறையே அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ ஓட்டை வைத்ததாக வெகுநாளாகச் சந்தேகிக்கப்பட்டது. ஏற்கெனவே சந்தேகத்துக்குரிய அந்தக் கதவின் பூட்டை வேறு யாரோ வந்து கழற்றித் தங்கள் பூட்டை மாட்டியிருந்தார்கள். என்.எஸ்.ஏ ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனின் ஆவணங்களில் 2014இல் வெளியான ஒன்றில், வெளிநாட்டுக்குப் போகும் சிஸ்கோ பார்சலை என்.எஸ்.ஏ ஆட்கள் வழியில் மறித்து, அட்டைப்பெட்டியைப் பக்குவமாகப் பிரிக்கும் புகைப்படமே இருக்கிறது. உள்ளே தங்கள் கருவியைச் செருகி, மறுபடி ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். பார்சலை வாங்கியவருக்கும் தெரியாது, செய்த கம்பெனிக்கும் தெரியாது.

ஆகவே அமெரிக்க பிராண்ட் என்ற ஒரே காரணத்துக்காக நிம்மதி வந்துவிடாது. இதில் ஒரு முரணும் உண்டு. 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை, சீன அரசோடு தொடர்புள்ள ஹேக்கர்கள் அமெரிக்காவுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான சின்ன ரவுட்டர்களைக் கைப்பற்றி வைத்திருந்ததாகவும், நீதிமன்ற அனுமதியோடு அவற்றைச் சுத்தம் செய்ததாகவும் அறிவித்தது. அவற்றில் பெரும்பாலானவை எந்த பிராண்ட் தெரியுமா? சிஸ்கோ, நெட்கியர். இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். அப்டேட் நின்றுபோன பழைய பெட்டிகள் என்பதுதான் அவை மாட்டிக்கொண்ட காரணம்.

அதற்காக அக்கா மகன் சொல்வதை ஒதுக்கவும் இல்லை. நாட்டின் உளவுப் பணிக்கு எல்லா நிறுவனங்களும் ஒத்துழைக்க வேண்டும் என்று சீனாவின் 2017ஆம் ஆண்டுத் தேசிய உளவுச் சட்டம் சொல்கிறது. ஒரு நாட்டின் தொலைத்தொடர்பு முதுகெலும்பில் அந்த நாட்டுக் கருவியை வைக்கலாமா என்பது நியாயமான கவலை. இந்தியாவிலும் 2021 ஜூன் 15 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் நெட்வொர்க்குக்கு 'நம்பகமான மூலம்' என்று அரசு ஒப்புக்கொண்ட இடத்திலிருந்துதான் புதுக் கருவிகளை வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் கரூரில் ஒரு மாடி அலுவலகத்தின் கணக்கைக் குறிவைப்பவர் பெய்ஜிங்கில் இருப்பதைவிடப் பக்கத்துத் தெருவில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அல்லது உலகத்தில் எங்கோ இருந்து, அப்டேட் ஆகாத பெட்டிகளை ஆயிரம் ஆயிரமாகத் தேடும் ஒரு தானியங்கி நிரல். அதற்கு நீங்கள் யார் என்றே தெரியாது.

கண்காணிப்பு வசதி என்பது மறைவாகத்தான் வரும் என்றும் இல்லை. 2012 ஜூனில் சிஸ்கோ தன் லிங்க்ஸிஸ் ரவுட்டர்கள் சிலவற்றுக்குத் தானாக ஒரு அப்டேட் அனுப்பியது. மறுநாள் அமைப்புப் பக்கத்தைத் திறந்தவர்களுக்கு, இனி கிளவுடில், அதாவது கம்பெனி சர்வரில், கணக்குத் தொடங்கித்தான் தங்கள் ரவுட்டருக்குள்ளேயே போக முடியும் என்று தெரிந்தது. நெட் போக்குவரத்து, இணைய வரலாறு பற்றிய தகவல்களைச் சேகரிக்கலாம் என்று விதிமுறைகளில் ஒரு வரியும் இருந்தது. வாங்கியவர்கள் கொதித்ததும் கம்பெனி பின்வாங்கியது. இன்று 'குடும்பப் பாதுகாப்பு', 'பிள்ளைகள் கட்டுப்பாடு' என்ற பெயரில் வரும் வசதிகள் பலவும் எந்தக் கருவி எந்தத் தளத்துக்குப் போகிறது என்று வெளியே ஒரு சர்வரிடம் கேட்டுத்தான் வேலை செய்கின்றன. தேவைப்பட்டால் போடுங்கள். ஆனால் பாதுகாப்பு என்ற பெயரைப் பார்த்து மட்டும் போடாதீர்கள்.

அரசாங்கம் ஒட்டுக்கேட்க நினைத்தால் உங்கள் பெட்டியைத் தொடவே வேண்டியதில்லை. உரிய உத்தரவு இருந்தால் இடைமறிப்பதற்கான ஏற்பாடு இணைய நிறுவனங்களின் பக்கத்திலேயே இருக்கிறது. அது வேறு விவாதம், ஒன்று மட்டும் சொல்கிறேன். காவல்துறைக்கென்று வைத்த அந்த வசதிகளும் கை மாறியிருக்கின்றன. 2004-05இல் கிரீஸில் வோடஃபோன் நெட்வொர்க்கின் ஒட்டுக்கேட்கும் வசதியை யாரோ ரகசியமாக இயக்கி, பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் போன்களைக் கேட்டார்கள். 2024இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்த சீன ஹேக்கர்கள், நீதிமன்ற உத்தரவின்பேரில் இடைமறிக்கப்பட்ட தகவல்களிலும் சிலவற்றை நகலெடுத்துப் போனார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். கேபிள்காரரின் பெட்டியைத் தூக்கிப் போட முடியாது, ஃபைபர் ஒளியை நெட்டாக மாற்றுவதே அதுதான். அதை உங்களுடைய பொருளாக நினைக்காமல் தெருவாக நினையுங்கள். தெருவுக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் நடுவில் உங்களுக்கென்று ஒரு கதவு போடுங்கள். அதாவது சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி, கேபிள்காரர் பெட்டியில் LAN (லேன்) என்று எழுதிய துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து உங்கள் ரவுட்டரில் WAN (வேன்) என்று எழுதிய துளையில் செருகுங்கள். அலுவலகக் கம்ப்யூட்டர்கள், பிரிண்டர், உங்கள் போன் எல்லாம் இனி உங்கள் ரவுட்டரோடு மட்டும் சேர வேண்டும். இதன் பாஸ்வேர்ட் கேபிள்காரருக்குத் தெரியாது, தூரத்திலிருந்து மாற்றவும் முடியாது. அடுத்த தடவை மறந்தால் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வசதியைத்தான் விலையாகக் கொடுக்கிறீர்கள்.

இதைவிடச் சுத்தமான வழி, கேபிள்காரரிடம் 'பிரிட்ஜ் மோடில் போட்டுக் கொடுங்கள், பி.பி.பி.ஓ.இ யூசர் நேமும் பாஸ்வேர்டும் எனக்கு வேண்டும்' என்று கேட்பது. நெட்டில் நுழையும் லாகின்தான் அந்த பி.பி.பி.ஓ.இ, அதை இனி உங்கள் ரவுட்டரே போட்டுக்கொள்ளும். அப்போது அவர் பெட்டி வெறும் ஒளியை மாற்றும் பெட்டியாகிவிடும். சிலர் செய்து தருவார்கள், சிலர் முறைப்பார்கள். முறைத்தால் சண்டை வேண்டாம், முதல் வழியே போதும்.

எந்த ரவுட்டர் என்று பெயர் சொல்ல மாட்டேன். கடையில் நாடு பார்க்காமல் மூன்று விஷயம் பாருங்கள். அந்த மாடலுக்கு எத்தனை வருஷம் அப்டேட் தருவதாகக் கம்பெனி சொல்கிறது, கடைசி அப்டேட் எப்போது வந்தது, அப்டேட் தானாக இறங்குமா? ஆறு மாதத்துக்கு முன்புகூட அப்டேட் வந்திருந்தால் கம்பெனிக்கு அந்த மாடல் மேல் இன்னும் அக்கறை இருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாக் தள்ளும் பழைய மாடலை விலை குறைவு என்று வாங்காதீர்கள். அக்கா மகனுக்கு ஆர்வமும் பொறுமையும் இருந்தால், ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் ஏற்கும் மாடலாக வாங்கச் சொல்லி அவரையே போட்டுத் தரச் சொல்லலாம். ஆனால் சென்னையிலிருந்து வந்துதான் ரிப்பேர் பார்க்க வேண்டும் என்றால், எனக்குக் கம்பெனி ஃபர்ம்வேரே தேவலை.

மாட்டிய அன்றே அட்மின் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றி, வெவ்வேறாக வைத்து, கணக்கு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். ஆமாம், எழுதி வைக்கலாம், ஹேக்கர் பீரோவைத் திறக்க மாட்டான். வெளியிலிருந்து ரவுட்டரின் அமைப்பை மாற்றவிடும் ரிமோட் மேனேஜ்மென்ட் என்று ஒன்று இருக்கும், அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்ட் அடிக்காமலே வைஃபையில் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ் என்ற பட்டன் வசதியையும் அணையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணைச் சுமார் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011இலேயே நிரூபித்துவிட்டார்கள். வருகிற கட்சிக்காரர்கள் வைஃபை கேட்டால், விருந்தினருக்கென்று தனியாக இருக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கைக் கொடுங்கள்.

கேமரா ரெக்கார்டரை மட்டும் கேபிள்காரர் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். ஏன் என்றால், உங்கள் வீட்டில் இருப்பதிலேயே நம்பிக்கை குறைந்த கருவி அதுதான். 2016இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கில் பிடித்தது இந்த மாதிரி கேமராக்களையும் ரெக்கார்டர்களையும்தான். அறுபது சொச்சம் யூசர் நேம், பாஸ்வேர்ட் ஜோடிகளைப் போட்டுப் பார்த்தே உள்ளே போனது. தெருப் பக்கம் இருக்கும் ரெக்கார்டர் நாளைக்குக் கெட்டாலும் உங்கள் ரவுட்டரைத் தாண்டி அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வர வழியில்லை. போனில் வாசலைப் பார்ப்பது முன்போலவே வேலை செய்யும். கேமரா மாட்டியவர் வைத்த பாஸ்வேர்டை மட்டும் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அவர் ஊரில் எல்லா வீட்டுக்கும் அதையேதான் வைத்திருப்பார். வாசல் தவிர வீட்டுக்குள்ளே எங்காவது கேமரா இருந்தால் அந்த வயரைப் பிடுங்கிவிடுவதே உத்தமம்.

இதற்கெல்லாம் முன்னால், ரவுட்டர் வாங்கப் பணம் ஒதுக்கும் முன்னாலேயே, அந்த டேலி ஃபோல்டரில் 'எவ்ரிஒன்' ஷேரை எடுத்துவிட்டு உங்களுக்கும் உதவியாளருக்கும் தனித்தனி லாகின் வைக்கச் சொல்லுங்கள். அரைமணி நேர வேலை, செலவும் இல்லை. கூடவே அந்த ஃபோல்டரை வாரம் ஒரு தடவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். யாராவது நுழைந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்டால், உங்களைக் காப்பாற்றப்போவது செருகாமல் இருக்கும் அந்த டிஸ்க்தான்.

கேபிள்காரரிடம் கோபப்பட வேண்டாம். அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பராமரிப்பு லாகினின் பாஸ்வேர்ட் எல்லா வீட்டுக்கும் ஒன்றேதானா? பெட்டிக்குக் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் அப்டேட் போட்டீர்கள்? பதில் சொல்லத் தடுமாறினாலும் பரவாயில்லை, வாடிக்கையாளர் கேட்கிறார் என்று தெரிந்தாலே சிலர் போய்ப் பார்ப்பார்கள். என்றைக்காவது பெட்டி கெட்டு அவர் புதிதாக மாற்றித் தரும்போது, பழையதைக் கொடுப்பதற்கு முன் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டுப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். விளக்கெல்லாம் ஒரு தடவை அணைந்து எரிந்தால் உங்கள் வைஃபை பாஸ்வேர்ட் அதிலிருந்து போய்விட்டது. இல்லாவிட்டால் அது அடுத்த வீட்டில் அப்படியே மாட்டப்படும்.